பூயோ மாருவின் படகுகளில் இருந்தவர்கள் யார்?

கேள்வி இதுதான்: "1943-ல் வாஹூ என்ற அமெரிக்க நீர்மூழ்கி ஒரு ஜப்பானியப் படைக்கப்பலை மூழ்கடித்த பிறகு, தண்ணீரில் தத்தளித்தவர்களைச் சுட்டதாகப் படித்தேன். செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்றும் போட்டிருந்தது. இது உண்மையா? உண்மை என்றால் அந்தக் கேப்டனுக்கு ஏன் தண்டனை இல்லை?"

சுட்டது உண்மை. இறந்த 282 பேரில் 195 பேர் இந்தியர்கள், 87 பேர் ஜப்பானியர்கள். பத்துக்கு ஏழு பேர் நம்மவர்கள். ஆனால் அந்த 282 பேரையும் துப்பாக்கிச் சூட்டின் கணக்கில் எழுதக் கூடாது. டார்பிடோ வெடித்தபோதே செத்தவர்களும் அந்த எண்ணிக்கையில் சேர்த்திதான். இதைப் பகிர்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். தண்டனை ஏன் இல்லை என்பதற்கான பதில் கொஞ்சம் நீளம். முதலில் கப்பலில் யார் இருந்தார்கள், ஏன் இருந்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

வாஹூ மூழ்கடித்த அந்தப் படைக்கப்பலின் பெயர் பூயோ மாரு, 5,447 டன் கப்பல். பெயரின் பின்னால் வரும் "மாரு" ஜப்பானிய வணிகக் கப்பல்களுக்கு வழக்கமாக வைக்கும் ஒட்டு. "படைக்கப்பல்" என்றதும் பீரங்கிகள் முளைத்த பெரிய போர்க்கப்பலைக் கற்பனை செய்ய வேண்டாம். ஜப்பானிய ராணுவம் வணிகக் கப்பல்களைத் தன் வசம் எடுத்து, சரக்கு ஏற்றும் கீழ்த்தளத்தில் பலகை அடித்து, அடுக்கடுக்காக ஆட்களைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும். அந்தப் பலகைகளுக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் "பட்டுப்புழுத் தட்டு". நிமிர்ந்து உட்கார முடியாது. வெளியே வர ஏணி ஒன்றிரண்டுதான். டார்பிடோ தாக்குவது நீர்மட்டத்துக்குக் கீழே. அந்தக் காலத்து ஜப்பானியப் படைக்கப்பல்களில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் செத்ததற்கு இந்த அமைப்பே பாதிக் காரணம். போர்க் கைதிகளை ஏற்றும்போது நிலைமை இன்னும் மோசம். அதோடு, உள்ளே கைதிகள் இருக்கிறார்கள் என்று தெரியும்படி எந்த அடையாளமும் கப்பலில் இருக்காது. பெரிஸ்கோப்பில் பார்க்கிறவனுக்கு எல்லா மாருவும் ஒரே மாரிதான். (சிலேடைக்கு மன்னிக்கவும், நாக்கில் வந்துவிட்டது.)

அன்றைக்குப் பூயோ மாருவில் இருந்தவர்கள் 1,126 பேர். ஒரு பக்கம் ஜப்பானிய ராணுவத்தின் 26-வது களத் தளவாடக் கிடங்குப் பிரிவு. அதாவது குண்டு, ஆயுதம், உதிரிப் பொருள் எல்லாம் பராமரிக்கிறவர்கள். முன்வரிசையில் நின்று சண்டை போடும் காலாட்படை கிடையாது. இன்னொரு பக்கம் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 16-வது பஞ்சாப் ரெஜிமென்ட், 2-வது பட்டாலியனைச் சேர்ந்த போர்க் கைதிகள்.

பஞ்சாபிச் சிப்பாய்கள் பசிபிக் கடலில், ஜப்பானியக் கப்பலில் எப்படி? மலாயாச் சண்டையில் தோற்று, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் சரணடைந்த படையில் இந்தியர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். இரண்டு நாள் கழித்து அவர்களை மட்டும் ஃபேரர் பார்க் மைதானத்தில் தனியாகக் கூட்டி, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். அங்கிருந்துதான் மோகன் சிங்கின் இந்திய தேசிய ராணுவம் தொடங்குகிறது. சேர்ந்தவர்கள் உண்டு, கடைசிவரை மறுத்தவர்களும் உண்டு. அந்த வருட டிசம்பர் கடைசியில் ஜப்பானியர்கள் மோகன் சிங்கையே கைது செய்ய, முதல் ஐ.என்.ஏ. கலைந்தது. சேராதவர்களைக் கைதிகளாக, கூலி ஆட்களாக, நியூகினி, நியூ பிரிட்டன் என்று தெற்குப் பசிபிக் தீவுகளுக்கு ஜப்பான் கப்பல் கப்பலாக அனுப்பியது. தமிழில் "ஜப்பான்காரன் காலம்" என்று சொன்னால் நமக்குச் சயாம் மரண ரயில் பாதையும் அங்கே செத்த தோட்டத் தமிழர்களும்தான் நினைவுக்கு வரும். இந்தச் சிப்பாய்கள் அனுபவித்தது அதே காலத்தின் இன்னொரு மூலை. அதைப் பற்றித் தமிழில் பேச்சே குறைவு.

சரி, இப்போது வாஹூ.

வாஹூவின் மூன்றாவது போர் ரோந்து அது. கேப்டன் டட்லி மோர்ட்டன், கென்டக்கிக்காரர், வயது 35. நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் "மஷ்". முந்தைய ரோந்தில் பயிற்சிக்காகக் கூட வந்தவர், 1942 டிசம்பர் 31 அன்று கப்பலின் பொறுப்பை ஏற்றார். முதல் இரண்டு ரோந்துகளில் வாஹூ பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. மோர்ட்டன் வந்ததும் கப்பலின் குணமே மாறியது. பெரிஸ்கோப்பைக் கேப்டன்தான் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். இவர் அதைத் துணைக் கேப்டன் ரிச்சர்ட் ஓகேனிடம் கொடுத்துவிட்டார். கண் ஒருவரிடம், மூளை இன்னொருவரிடம் இருந்தால் கேப்டன் பதறாமல் முழுச் சண்டையையும் மனதில் வைத்து யோசிக்கலாம் என்பது அவர் கணக்கு.

பிரிஸ்பேனிலிருந்து கிளம்பும்போது வந்த உத்தரவுகளில் ஒன்று, நியூகினியின் வட கரையில் வேவாக் என்ற இடத்தை உளவு பார்ப்பது. வேவாக் எங்கே இருக்கிறது என்று காட்டும் சரியான கடல் வரைபடம் கப்பலில் இல்லை. மாலுமி ஒருவர் ஆஸ்திரேலியாவில் வாங்கியிருந்த பள்ளிக்கூட அட்லஸ்தான் கைகொடுத்தது. அதிலிருந்த படத்தைப் பிரதி எடுத்து, கேமரா லென்ஸையும் சமிக்ஞை விளக்கையும் வைத்துப் பெரிதாக்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு எதிரியின் துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள். ஜனவரி 24 அன்று அங்கே ஹருசமே என்ற நாசகாரிக் கப்பல் இவர்களைப் பார்த்து நேராகப் பாய்ந்து வந்தது. முன்னே விட்ட டார்பிடோக்கள் தவறின. எதிரே வரும் கப்பலின் மூக்குக்கு நேராக விட்டது பட்டது. ஹருசமே முழுகவில்லை, கரையேற்றிப் பிற்பாடு பழுது பார்த்துவிட்டார்கள். ஆனால் வாஹூவில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. இரண்டு நாள் கழித்து நடந்ததைப் புரிந்துகொள்ள அந்த மனநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஜனவரி 26 காலை, நியூகினிக்கு வடக்கே, நிலநடுக்கோட்டையும் தாண்டி, புகை தெரிந்தது. முதலில் இரண்டு சரக்குக் கப்பல்கள், பின்னால் பூயோ மாரு, அப்புறம் ஒரு எண்ணெய்க் கப்பல். காவலுக்குப் போர்க்கப்பல் எதுவும் இல்லை. 1943 தொடக்கத்தில் ஜப்பானியக் கடற்படை தன் வணிகக் கப்பல்களுக்குக் காவல் கொடுப்பதை இரண்டாம்பட்சமாகத்தான் வைத்திருந்தது. அதற்கென்று தனித் தலைமையகமே 1943 நவம்பரில்தான் வந்தது.

பூயோ மாரு மேல் விட்ட மூன்று டார்பிடோக்களில் இரண்டு பட்டன. கப்பல் அசைவற்று நின்றது. முடித்துவைக்க ஒன்று விட்டார்கள். அது கப்பலுக்கு அடியில் போயும் வெடிக்கவில்லை. அந்தக் காலத்து அமெரிக்க டார்பிடோக்களுக்கு அது சகஜம். அடுத்தது நடுப்பாகத்தைப் பிய்த்து எறிந்தது. மோர்ட்டனின் ரோந்து அறிக்கையில் இந்த இடத்தில் ஒரு உவமை வருகிறது: சூடான தட்டிலிருந்து எறும்புகள் உதிர்வதைப் போலச் சிப்பாய்கள் கப்பலின் விளிம்பிலிருந்து குதித்தார்கள் என்கிறார். பெரிஸ்கோப் வழியே படமும் எடுத்தார்கள். அந்த எறும்புகளில் பாகிஸ்தான் பஞ்சாபிலும் இந்தியப் பஞ்சாபிலும் இன்றைக்குப் பேரன் பேத்திகள் இருக்கக்கூடிய ஆட்கள் இருந்தார்கள் என்பது அதை எழுதியவருக்குத் தெரிய வழியில்லை.

கப்பல் முழுகிவிட்டது. மிச்சக் கப்பல்கள் தப்பி ஓடிக்கொண்டிருந்தன. வாஹூ பேட்டரிக்கு மின்னேற்றம் செய்ய மேலே வந்தது. அப்போது சுற்றிலும் ஏறத்தாழ இருபது படகுகள், அவற்றிலும் சுற்றிலும் ஆட்கள். மோர்ட்டன் படகுகள் இருந்த பக்கம் கப்பலைத் திருப்பினார். பெரிய படகு ஒன்றின் மேல் முதலில் தளத்துப் பீரங்கியால் சுட்டார்கள். அங்கிருந்து இயந்திரத் துப்பாக்கியால் பதிலுக்குச் சுட்டதாக அறிக்கை சொல்கிறது. அதன்பின் கையில் இருந்த எல்லாத் துப்பாக்கிகளும் பேசின. பிறகு வாஹூ ஓடிப்போன கப்பல்களைத் துரத்தப் போய்விட்டது. இரவுக்குள் டார்பிடோ எல்லாம் தீர்ந்தது. மறுநாள் இன்னொரு நாசகாரியிடமிருந்து தப்பி ஓட வேண்டி வந்தபோது, சண்டையில் சுட்டது அவன், ஓடியது நாங்கள் என்ற பாணியில் தலைமையகத்துக்குத் தந்தி அடித்தார் மோர்ட்டன். அமெரிக்க நீர்மூழ்கி வரலாற்றில் புகழ்பெற்ற நகைச்சுவை அது. அதை அவர் எழுதிக்கொண்டிருந்த அதே நாளில் பூயோ மாருவின் ஆட்கள் கடலில் கிடந்தார்கள்.

இனி வாதங்கள். மோர்ட்டன் பக்கம் நின்றவர்கள் சொல்வது இரண்டு விதம். பசிபிக் நீர்மூழ்கிப் படைத் தலைவர் லாக்வுட், அவர்கள் ராணுவச் சிப்பாய்கள், படகிலிருந்து வாஹூவைச் சுட்டார்கள், அதனால் திருப்பிச் சுட்டோம் என்றார். ஓகேனின் விளக்கம் வேறு: குறி வைத்தது படகுகளைத்தான், சிப்பாய்களைப் படகைவிட்டு இறங்கச் செய்வதுதான் நோக்கம், ஆட்களைக் குறிவைத்துச் சுடவில்லை என்றார். எனக்கு ஓகேனின் விளக்கத்தில் பெரிய ஆறுதல் எதுவும் தெரியவில்லை. நடுக்கடலில் படகைப் பறித்தால் ஆள் என்ன ஆவான்? லாக்வுட்டின் வாதத்திலும் ஓட்டை இருக்கிறது. அறிக்கையின்படியே முதல் குண்டு வாஹூவினுடையது.

சிப்பாய்களை உயிரோடு விட்டால் கரை சேர்ந்து நாளைக்கு நம் ஆட்களைச் சுடுவார்கள் என்பது அந்தக் காலத்தில் பலரும் சொன்ன நியாயம். ஐந்து வாரம் கழித்து, 1943 மார்ச்சில், பிஸ்மார்க் கடல் சண்டையில் எட்டுப் படைக்கப்பல்களையும் மூழ்கடித்த நேசநாட்டு விமானங்களும் டார்பிடோப் படகுகளும் நீரில் கிடந்தவர்களை நாள் கணக்கில் சுட்டன. அங்கேயாவது போர்முனை பக்கத்தில் இருந்தது. பூயோ மாரு முழுகிய இடத்திலிருந்து நியூகினிக் கரை பல நூறு கிலோமீட்டர். துடுப்புப் போட்டுப் போய்ச் சேர்கிற தூரமில்லை.

சட்டம் என்ன சொன்னது? 1907 ஹேக் மாநாட்டின் பத்தாவது உடன்படிக்கை, சண்டை முடிந்ததும் ராணுவத் தேவை அனுமதிக்கும் அளவுக்குக் கப்பல் உடைந்தவர்களைத் தேடவும் கொடுமையிலிருந்து காக்கவும் வேண்டும் என்கிறது. நீர்மூழ்கியில் எதிரிகளை ஏற்ற இடமில்லை, மேலே நிற்பது ஆபத்து, ஆகவே காப்பாற்றாமல் போனது குற்றமில்லை என்று வாதாட முடியும். நியூரம்பர்க் விசாரணையில் ஜெர்மானியக் கடற்படைத் தலைவர் டோனிட்ஸுக்காக அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ் எழுதிக்கொடுத்த வாக்குமூலமும் இதைத்தான் சொன்னது. காப்பாற்றாமல் போவது ஒன்று, நின்று சுடுவது வேறு.

இந்த வித்தியாசத்துக்குத் தலை கொடுத்தவர் ஒருவர் உண்டு. ஜெர்மானிய நீர்மூழ்கி யு-852-இன் கேப்டன் ஹைன்ஸ் எக். 1944 மார்ச்சில் பெலியூஸ் என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்துவிட்டு, தன் இருப்பிடம் தெரியக் கூடாது என்று மிதவைகளைச் சுடச் சொன்னார். ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. எக்கும் அவருடைய அதிகாரிகள் இருவரும் 1945 நவம்பர் 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜப்பானியர் தரப்பிலும் ஐ-8 நீர்மூழ்கி இந்தியப் பெருங்கடலில் செய்தது இதைவிடக் கொடூரம். 1944 ஜூலையில் கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ஜான் நிக்கோலெட் என்ற அமெரிக்கக் கப்பலின் ஆட்களைத் தன் மேல்தளத்தில் ஏற்றி வைத்தே கொன்றது. மிஞ்சிய 23 பேரைக் காப்பாற்றியது ராயல் இந்தியன் நேவியின் ஹோக்ஸா என்ற சிறு கப்பல்.

எக் தடயத்தை மறைக்கச் சுட்டார். மோர்ட்டன் எதையும் மறைக்கவில்லை. நடந்ததைத் தன் அறிக்கையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் படித்தார்கள், பாராட்டினார்கள். பிப்ரவரி 7 அன்று வாஹூ பெர்ல் ஹார்பருக்குள் நுழைந்தபோது பெரிஸ்கோப்பில் ஒரு விளக்குமாறு கட்டியிருந்தது. ஒன்றுவிடாமல் பெருக்கித் தள்ளிவிட்டோம் என்று அர்த்தம். (உண்மையில் எண்ணெய்க் கப்பல் முழுகவில்லை. அதுவும் இவர்களுக்குத் தெரியாது.) மோர்ட்டனுக்குக் கடற்படைச் சிலுவை விருது கிடைத்தது. ஜெனரல் மெக்கார்தர் ராணுவத்தின் சார்பில் இன்னொரு விருது கொடுத்தார். தண்டனை ஏன் இல்லை என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: அது குற்றம் என்று அவருடைய மேலதிகாரிகளில் யாரும் அன்றைக்குக் கேள்வி எழுப்பவில்லை. துலாகித் தீவில் அட்மிரல் ஹால்ஸி, ஜப்பானியர்களைக் கொல், இன்னும் கொல் என்று பெரிய பலகையே எழுதி வைத்திருந்த காலம் அது. போர் முடிந்தபோது விசாரணை நடத்தியவர்கள் ஜெயித்தவர்கள். மோர்ட்டனும் அப்போது உயிரோடு இல்லை. 1943 செப்டம்பரில் ஜப்பான் கடலுக்குள் போன வாஹூ, அக்டோபர் 11-ஆம் தேதி ஹொக்கைடோவுக்கும் சகலினுக்கும் நடுவே உள்ள நீரிணையில் விமானங்களாலும் கப்பல்களாலும் தாக்கப்பட்டு அத்தனை பேரோடும் முழுகியது. 2006-ல்தான் சிதைவைக் கண்டுபிடித்தார்கள்.

இந்தியர்கள் இருந்த விஷயம் எப்போது தெரிந்தது? மோர்ட்டன் தரப்பில் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான ஜப்பானியச் சிப்பாய்களைக் கொன்றதாகத்தான் பேச்சு. வீரக்கதையாகச் சொன்னவர்களுக்கும் அந்த எண் பிடித்திருந்தது, படுகொலை என்று திட்டியவர்களுக்கும் அதே எண் வசதியாக இருந்தது. பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் ஜப்பானியப் பதிவுகளோடு ஒப்பிட்டபோதுதான் 1,126, 282, 195 என்ற எண்கள் வெளியே வந்தன. எண்ணூற்றுச் சொச்சம் பேர் பிழைத்திருக்கிறார்கள். தண்ணீரில் இருந்த எல்லோரையும் கொன்றுவிட்டார்கள் என்ற கதை அத்தோடு அடிபட்டுப்போகிறது. படகுகளைச் சுட்டது அடிபடவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். செத்தவர்கள் இந்தியர்கள் என்பதால் நமக்குக் கோபம் வருகிறது, இயல்புதான். ஆனால் அந்தப் படகுகளில் 1,126 பேரும் ஜப்பானியராக இருந்திருந்தாலும் சட்டம் ஒன்றுதான். தளவாடக் கிடங்கில் கணக்கெழுதிய ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தால், அந்த நேரத்தில் அவனும் கப்பல் உடைந்தவன்தான்.

ஆள் யார் என்று தெரிந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1944 செப்டம்பர் 12 அன்று சீலயன் என்ற அமெரிக்க நீர்மூழ்கி ரக்குயோ மாருவை மூழ்கடித்தது. உள்ளே இருந்தவர்கள் சயாம்-பர்மா ரயில் பாதையில் வேலை செய்து மிஞ்சிய 1,300-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகள். மூன்று நாள் கழித்து பம்பானிட்டோ என்ற இன்னொரு நீர்மூழ்கி அந்த வழியாக வந்தது. எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போன ஆட்கள் மிதவைகளில் கிடந்தார்கள். ஜப்பானியர்கள் என்று நினைத்து மாலுமிகள் துப்பாக்கியோடு தயாராக நின்றார்கள். தண்ணீரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான், துப்பாக்கியைப் போட்டுவிட்டு மாலுமிகள் கடலில் குதித்தார்கள். பம்பானிட்டோ மட்டும் 73 பேரை ஏற்றிக்கொண்டது. மற்ற நீர்மூழ்கிகளும் வந்து சேர, மொத்தம் 159 பேர். நீர்மூழ்கியில் இடமில்லை என்ற வாதத்தையும் இந்த எண்ணோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

பூயோ மாருவின் ஆட்களைத் தேடி வந்தது ஜப்பானியக் கப்பல்தான். சோக்கு மாரு எண் 2 ஜனவரி 27, 28 தேதிகளில் மிஞ்சியவர்களைப் பொறுக்கி எடுத்துப் பாலாவு தீவுகளில் இறக்கியது. ஜப்பானியர்கள் பணிக்குத் திரும்பினார்கள். இந்தியர்கள் மறுபடியும் கைதிகள்.

அட்லஸைப் பார்த்து வாஹூ கண்டுபிடித்த அதே வேவாக் பகுதிக்கு, சில மாதம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து சுமார் 3,000 இந்தியக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். இது வேறு தொகுதி. பசி, மலேரியா, அடி, நேசநாட்டு விமானங்களின் குண்டு எல்லாம் தாண்டி, போர் முடியும்போது சுமார் 200 பேர்தான் மிச்சம். கடைசியாக நியூகினியின் அங்கோராம் என்ற ஊரில் ஆஸ்திரேலியர்கள் கண்டெடுத்தது 11 பேரை. அதில் பத்துப் பேர் ஊருக்குத் திரும்பும் வழியில், 1945 நவம்பரில், விமான விபத்தில் இறந்தார்கள். போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொல்வதற்காகப் பின்தங்கிய சிந்த் சிங் ஒருவர்தான் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்.